கண்ணெட்டும் தூரம்

போன மாதம் ஒரு மத்தியானம், அச்சுக்குப் போகவேண்டிய பக்கங்களை மேசை முழுக்கப் பரப்பிவைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. காட்டேரிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், பத்து கிலோமீட்டர் போற டிரோன் ஒண்ணு வாங்கணும். எது நல்லது? உங்க பத்திரிகையில எழுதுங்களேன்."

"பத்து கிலோமீட்டர் எதுக்குங்க?"

கொஞ்சம் யோசித்தார். "கொல்லையைப் பாக்கத்தான்."

"கொல்லை எவ்வளவு தூரத்துல இருக்கு?"

"ஏரிக்கரையைத் தாண்டினா வந்துடும். நடந்தா கால்மணி நேரம்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகர மாட்டேன் என்று ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டதே, அந்த நாட்களைச் சொன்னார். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழை அது. கழனி எது, வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். மோட்டார் கொட்டகை நிற்கிறதா, நட்ட நெல் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வழியில்லாமல் மூன்று நாள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம். "அன்னிக்கு ஒரு டிரோன் இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல பாத்திருப்பேன் சார். அப்போ மனசுல விழுந்த ஆசை."

இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அந்த ஆசைக்கே கொடுத்துவிடுகிறேன். அவருக்குச் சொல்லும் பதில் வில்லியனூர்க்காரருக்கும் பாகூர்க்காரருக்கும் ஆகும். எல்லைக்கு அந்தப் பக்கம் விழுப்புரம், கடலூர் மாவட்ட வாசகர்களுக்கும் ஆகும்.

முதலில் அவருடைய பத்து கிலோமீட்டரை வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். காட்டேரிக்குப்பம் எங்கே என்று கேட்கும் நகரத்து வாசகர்களுக்காக: புதுச்சேரியின் வடமேற்கு மூலையில், வில்லியனூர் வட்டத்தில், மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த ஊர். பக்கத்து லிங்கரெட்டிப்பாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. (ஊர்ப் பேர் காட்டேரி என்ற பேயிலிருந்து வந்ததா, காட்டு ஏரியிலிருந்து வந்ததா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதவேண்டாம். அந்தச் சண்டையில் நான் தலையிடுவதாக இல்லை.) அங்கிருந்து தென்கிழக்கே பறக்கவிட்டால் ஊசுட்டேரி. புதுச்சேரியும் தமிழ்நாடும் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் அந்த ஏரி இரண்டு பக்கத்திலும் பறவைகள் சரணாலயம். நாரையும் கொக்கும் இறங்கும் இடத்தில் வனத்துறையைக் கேட்காமல் டிரோன் விட முடியாது, விடவும் கூடாது. கிழக்கே போகப்போக லாஸ்பேட்டை விமான நிலையம் நெருங்கிவிடும். மேற்கேயோ வடக்கேயோ திருப்பினால் சில நிமிடங்களில் தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கிழித்த துணி மாதிரி கிடக்கும் எல்லை இது. தரையில் நாம் மதுக்கடைப் பலகையையும் பெட்ரோல் விலையையும் வைத்து எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று கண்டுபிடித்துக்கொள்வோம். வானத்திலிருந்து பார்த்தால் ஒரே பச்சை.

நல்ல வேளையாக, டிரோன் சட்டத்துக்கு இந்த எல்லை கிடையாது. அது மத்திய அரசின் விதி. 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகள் மண்ணாடிப்பட்டிலும் செல்லும், மயிலத்திலும் செல்லும். மாறுவது காவல் நிலையம் மட்டும்தான்.

டிரோன் என்றதும் நம் ஊர்க்காரர்கள் ஏதோ புதுசு என்று நினைக்கிறோம். உங்கள் வீட்டுக் கூரையை டிரோன் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் இந்திய நில அளவைத் துறை கிராமம் கிராமமாக டிரோன் விட்டு, நத்தத்தில் இருக்கும் வீடு, மனைகளை மேலிருந்து படம் எடுத்தது. இந்த வேலையை முழுசாக முடித்த பகுதிகளின் பட்டியலில் ஹரியானா, உத்தராகண்ட், கோவாவோடு புதுச்சேரியும் இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது அந்த வேலை நடக்கும் விதம். டிரோன் வருவதற்கு முன்னால் ஊரில் உள்ளவர்கள் அவரவர் மனையின் எல்லையில் சுண்ணாம்பைப் போட்டுக் கோடு இழுத்துவைக்கவேண்டும். வானத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்தச் சுண்ணாம்புக் கோடுதான் கண். பக்கத்து வீட்டுக்காரரும் நாமும் சேர்ந்து நின்று, 'இங்கே வரைக்கும் எனக்கு, அங்கேயிருந்து உனக்கு' என்று ஒத்துக்கொண்டு கோடு போட்டால்தான் மேலே பறப்பதற்கு வேலை. எத்தனை தலைமுறை வேலித் தகராறு அன்றைக்கு வெளியே வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அளவை டிரோன் பத்து கிலோமீட்டர் போகவில்லை. ஊருக்கு மேலேயே, ஏர் ஓட்டுகிற மாதிரி கோடு கோடாகப் போய் வந்தது.

இப்போது கடைக்காரர் கொடுக்கும் அட்டைக்கு வருவோம். அதில் பெரிய எழுத்தில் பத்து, பதினைந்து, இருபது கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். அது பறக்கும் தூரம் இல்லை. கையில் இருக்கும் ரிமோட்டுக்கும் மேலே இருக்கும் கருவிக்கும் நடுவில் ரேடியோ அலை அறுந்துபோகாமல் நிற்கும் தூரம். அதுவும் மரம், கட்டடம், செல்போன் கோபுரம், வேறு அலை எதுவும் குறுக்கே வராத வெட்டவெளியில். டிஜேஐ மினி 4 ப்ரோ என்ற ஒரே கருவிக்கு அதைச் செய்யும் கம்பெனியே அமெரிக்க அளவுகோலில் 20 கிலோமீட்டர் என்றும் ஐரோப்பிய அளவுகோலில் 10 கிலோமீட்டர் என்றும் போடுகிறது. கருவி அதேதான். ஒவ்வொரு நாடும் எவ்வளவு சக்தியில் அலை வீச அனுமதிக்கிறது என்பதில் பாதி தூரம் காணாமல் போய்விடுகிறது. நம் ஊரில் அதற்கு நடுவே ஒரு சவுக்குத் தோப்பை வைத்துப் பாருங்கள். ஈரமான இலையும் கிளையும் அந்த அலையை நன்றாகவே குடிக்கும். டிரோன் தோப்புக்குப் பின்னால் தாழப் போன அடுத்த நிமிடம் திரையில் படம் துண்டு துண்டாக உடையும். கரும்புக் கொல்லைக்கு நடுவே நின்று பறக்கவிட்டாலும் இதே கதைதான். ஏரிக்கரை மேல் ஏறி நின்றால் அலை சுகமாகப் போகும்.

அடுத்தது பேட்டரி. நிமிடக் கணக்கை அட்டையில் படித்துவிட்டுப் பாதிப் பாதியாகப் பிரித்து 'போக இவ்வளவு, வர இவ்வளவு' என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம் தொலைக்கிறார்கள். காரணம் காற்று. நம் கடற்கரைப் பகுதியில் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். காட்டேரிக்குப்பத்துக்காரர் அந்த நேரத்தில் மேற்கே அனுப்பினால் கருவி காற்று தள்ளத் தள்ள ஜோராகப் போகும். 'அடடா, பேட்டரி குறையவே இல்லையே' என்று தோன்றும். திரும்பும்போதுதான் அதே காற்று எதிரே நிற்கும். போகும்போது நான்கு நிமிடம் எடுத்த தூரத்துக்கு வரும்போது எட்டு நிமிடம் ஆகலாம். ஆடிக்காற்றில் இது தலைகீழ். அப்போது கிழக்கே அனுப்புவதுதான் ஆபத்து. ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்து முதலில் அனுப்புங்கள். எதிர்காற்றில் போய், காற்றின் முதுகில் ஏறித் திரும்புவது மீன்பிடிக்கிறவர்களுக்குத் தெரிந்த பழைய கணக்குதான். மூன்றில் ஒரு பங்கு பேட்டரி மிச்சம் இருக்கும்போதே திருப்பிவிடவேண்டும். கத்திரி வெயிலில் காருக்குள் வைத்த பேட்டரி உப்பிப்போயிருந்தால் அதை ஏற்றவே கூடாது.

புயல் நாளில் டிரோன் இருந்திருந்தால் என்று நண்பர் ஏங்கினாரே, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இருந்திருந்தாலும் முதல் நாள் உதவியிருக்காது. சாதாரணக் கேமரா டிரோன்களில் பெரும்பாலானவை மழையில் நனையக்கூடாதவை. வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் காற்று அடித்தால் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. மழை விட்டு, காற்று தணிந்து, தண்ணீர் மட்டும் நிற்கும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் அது பயன்படும். அந்த ஒரு நாளுக்காகவாவது வாங்கலாம் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை.

இனி விதி. நிறையப் பேர் இதைக் கேட்டதும் 'அய்யோ, ஏகப்பட்ட அனுமதி வாங்கணுமே' என்று பயப்படுகிறார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. 2021 விதிகள் 25 படிவங்களை ஐந்தாகக் குறைத்தன, 72 வகைக் கட்டணங்களை நான்காக்கின. எல்லாவற்றையும்விட நம் பகுதிக்கு முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. முன்பு விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் வரை, அனுமதி கேட்டுப் பறக்கவேண்டிய மஞ்சள் பகுதியாக இருந்தது. அந்தக் கணக்கில் லாஸ்பேட்டையிலிருந்து வட்டம் போட்டால் காட்டேரிக்குப்பமும் பாகூரும் திருக்கனூரும் மொத்தமாக உள்ளே விழுந்துவிடும். புதுச்சேரி மண்ணில் எங்கே நின்று காத்தாடி அளவுக்கு ஒரு டிரோன் விட்டாலும் விமானக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டியிருந்திருக்கும். இப்போது அந்த வட்டம் 12 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் நடுவே 200 அடி, அதாவது 60 மீட்டர் உயரம் வரை அனுமதி தேவையில்லை. அதற்கு வெளியே பச்சைப் பகுதியில் 400 அடி, 120 மீட்டர் வரை தாராளம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சுமார் 73 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த உயரங்கள் கண்ணுக்குத் தெரியும். நடு வளையத்தில் கோபுர உயரத்துக்குக்கூடப் போகக்கூடாது. வெளியே ஒன்றரைக் கோபுரம் போகலாம்.

காட்டேரிக்குப்பம் இந்த வட்டத்தின் விளிம்பை ஒட்டிய ஊர். நீங்கள் கிழக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பதில்கூட நிறம் மாறலாம். ஆகவே யார் சொன்னாலும், நான் சொன்னாலும் நம்பாதீர்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் கொல்லையில் புள்ளி வைத்துப் பாருங்கள். பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று அதுவே காட்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கிடையாது. இன்னொன்றும் உண்டு. குடியரசுத் தலைவரோ பிரதமரோ வருகிறார் என்றால், நேற்று வரை பச்சையாக இருந்த இடத்தைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். புதுச்சேரியில் தலைவர்கள் வந்துபோவது அடிக்கடி நடப்பதுதான். அன்றன்று காலையில் வரைபடத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

எடையைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். 250 கிராம் வரை நேனோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. நேனோவுக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைச் சம்பாதிக்காமல், சொந்த உபயோகத்துக்கு ஓட்டினாலும் வேண்டாம். கல்யாண வீட்டில் காசுக்கு ஹெலிகேம் விடுகிற தம்பிகள் இந்த 'சம்பாதிக்காமல்' என்ற சொல்லை இரண்டு தடவை படிக்கவும். சான்றிதழ் வேண்டுமானால் வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பயிற்சி. பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். கட்டணம் நூறு ரூபாய்தான், பயிற்சிக்குத்தான் செலவு. முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு அரசு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் போதும். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி டிரோனுக்கு ஒரு தனி அடையாள எண் உண்டு. பழைய டிரோன் வாங்குகிறீர்கள் என்றால் அந்த எண்ணை உங்கள் பேருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் படிவம் இருக்கிறது. மாற்றாமல் வாங்குவது ஆர்.சி. புத்தகம் இல்லாமல் பைக் வாங்குவது போலத்தான். நேனோவைத் தவிர மற்றதற்கு மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டும். விதியை மீறினால் இப்போதைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2025 செப்டம்பரில் புதிய சிவில் டிரோன் மசோதாவின் வரைவு வெளியாகியிருக்கிறது. அதில் தண்டனை இதைவிடக் கடுமை. ஆகவே நான் எழுதியது நாளைக்கு மாறலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

எடைக் கணக்கில் ஒரு வேடிக்கை. மேலே சொன்ன அந்த மினி கருவி 249 கிராம். ஒரு கிராம் இடைவெளியில் நேனோவுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரியைப் போட்டால் எடை 250ஐத் தாண்டி மைக்ரோ ஆகிவிடும். தூரத்துக்கு ஆசைப்பட்டால் எடை ஏறும், எடை ஏறினால் விதி ஏறும்.

இந்த இடத்தில் புதுச்சேரிக்கே உரிய ஒரு ஆளைக் கூப்பிடவேண்டும்: பிரான்சிலிருந்து வரும் மச்சான். அவர் இல்லாத தெரு நம் ஊரில் குறைவு. 'கவலைப்படாத மாப்ள, அடுத்த லீவுக்கு வரும்போது அங்கேயிருந்தே நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்' என்பார். எடுத்து வராமல் இருக்கச் சொல்லுங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பெட்டிக்குள் மடித்து வைத்தாலும், தனித்தனியாகக் கழற்றிக் கொண்டுவந்தாலும் அது இறக்குமதிதான். உதிரி பாகங்களுக்குத் தடை இல்லையே என்று மச்சான் வாதாடக்கூடும். ஒரு முழு டிரோனைக் கழற்றி மூன்று பெட்டியில் போட்டுவிட்டு உதிரி பாகம் என்றால் சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரி சிரிப்பார், ஆனால் விடமாட்டார். கடைகளில் மறைமுகமாக விற்கும் வெளிநாட்டு டிரோனுக்கும் இதே பதில். பில் இருக்கிறதா, வகைச் சான்றிதழ் இருக்கிறதா, அடையாள எண் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கடைக்காரர் பேச்சை மாற்றினால் நீங்கள் கடையை மாற்றுங்கள். இந்தியாவில் செய்ததற்கு விலை கூடுதல் என்ற குறை உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக இறங்கியிருப்பது கொஞ்சம் ஆறுதல். அதற்கு முன் சொந்த உபயோக டிரோனுக்கு 28 சதவீதம்.

சரி, பத்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர் என்று உண்மையிலேயே பறக்கும் டிரோன்கள் இல்லையா? இருக்கின்றன. அந்தக் கதையில் நம் பங்கும் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில், அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த அதே இடத்தில், மாணவர்களின் தக்‌ஷா குழு இருக்கிறது. 2018 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டால்பி என்ற ஊரில் மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டி நடந்தது. எங்கோ தூரத்தில் தனியாக மாட்டிக்கொண்ட நோயாளியிடம் ஆளில்லா விமானம் தானாகவே போய் இறங்கி, ரத்த மாதிரியை வாங்கிக்கொண்டு திரும்பவேண்டும். அதில் தக்‌ஷா இரண்டாம் இடம் வாங்கியது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார் என்பதால்தான் நம்மில் பலருக்கு அந்தச் செய்தி எட்டியது. எட்டியவரைக்கும் நல்லதுதான். ஆனால் போட்டியின் சாரம் தூரம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஓட்டுகிறவரின் கை எட்டாத இடத்தில், கருவி தானே முடிவெடுத்து இறங்கி மறுபடி ஏறவேண்டும். தூரமாக அனுப்புவது சுலபம், தூரத்தில் ஒழுங்காக நடந்துகொள்ள வைப்பதுதான் கஷ்டம்.

ருவாண்டாவில் 2016 முதல் ஜிப்லைன் நிறுவனம் மலைப்பகுதி மருத்துவமனைகளுக்கு ரத்தப் பைகளை ஆளில்லா விமானத்தில் அனுப்புகிறது. நம் நாட்டில் 2021 அக்டோபர் 4 அன்று மணிப்பூரில், பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரித் தீவான காராங்குக்குத் தடுப்பூசி டிரோனில் போனது. தரை வழியில் 26 கிலோமீட்டர், வான்வழியில் 15. கால்மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இவையெல்லாம் அரசும் நிறுவனங்களும் தனி அனுமதி வாங்கி, வழியைக் காலி செய்து வைத்துக்கொண்டு செய்தவை. நானும் நீங்களும் வாங்கும் டிரோனுக்கு இன்றைய நடைமுறை ஒன்றுதான்: ஓட்டுகிறவரின் வெறும் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்கவேண்டும். திரையில் தெரிவது கணக்கில் வராது. கால் மீட்டர் அகலமுள்ள சின்ன டிரோன் ஐந்நூறு மீட்டரில் ஒரு கொசு. அதன் முகம் எந்தப் பக்கம் என்று தெரியாது. அதற்கு மேல் காக்கைக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

ஆக, இருபது கிலோமீட்டருக்குக் காசு கொடுத்து அரைக் கிலோமீட்டருக்குள் ஓட்டப்போகிறோம். இதைச் சொன்னதும் காட்டேரிக்குப்பத்து நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. நீளத் தூர இணைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. இருபது கிலோமீட்டர் தாங்கும் அலை அரைக் கிலோமீட்டரில் தோப்புக்கு நடுவிலும் அவ்வளவு சுலபமாக அறுந்துபோகாது. அந்தப் பலத்துக்காக வாங்குங்கள், தூரத்துக்காக வேண்டாம்.

இன்னும் ஒன்று. நம் கிராமங்களில் இன்றைக்கு நிஜமாகவே காசு சம்பாதித்துக் கொடுக்கும் டிரோன் எது தெரியுமா? இருப்பதிலேயே தாழப் பறப்பது. மருந்து தெளிக்கும் டிரோன் பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில்தான் போகும். பத்து லிட்டர் தொட்டியோடு ஒரு ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு ஆளுயரக் கரும்புக்குள் நுழைந்து, தலைக்கு மேல் அடித்த மருந்தைத் தானே மூச்சில் வாங்கி வெளியே வந்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தின் அருமை தெரியும். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இந்த டிரோனை வாங்கிக்கொடுக்கும் நமோ டிரோன் தீதி திட்டத்தை 2023 நவம்பரில் மத்திய அரசு ஏற்றது. 15,000 குழுக்கள், விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் எட்டு லட்சம் ரூபாய் மானியம். இந்த டிரோன்களுக்கு ஓட்டுநர் சான்றிதழ் கட்டாயம். நண்பர் தன் கொல்லைக்குச் சொந்தமாக ஒன்று வாங்குவதைவிட, ஊரில் நான்கு பேர் சேர்ந்து சான்றிதழ் வாங்கிய ஒருவரை வாடகைக்குக் கூப்பிடுவதே லாபம் என்பது என் எண்ணம். படம் எடுப்பதற்கு மட்டும் வேண்டுமானால் சின்னதாக ஒன்று போதும்.

எனக்கு இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? தொலைத்துத்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறப்பிதழுக்காக ஏரி ஒன்றை மேலிருந்து எடுக்கலாம் என்று, படம் பிடிக்கும் நண்பர் ஒருவரோடு மாலை வெயிலில் கரைமேல் போய் நின்றேன். 'இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி, அந்தப் பனை வரிசை வரட்டும்' என்று நான்தான் சொன்னேன். அவர் பேட்டரியைப் பார்த்தார், நான் பனையைப் பார்த்தேன். திருப்பும்போது காற்று எதிரே. திரையில் சிவப்பு எழுத்து. கடைசியாகத் தெரிந்தது ஒரு சவுக்குத் தோப்பின் உச்சி. மறுநாள் காலையில் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் தோப்புக்குள்ளிருந்து கையில் தூக்கிக்கொண்டு வந்தார். "இது உங்களுதா தம்பி? செத்த வவ்வாலு மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு" என்றார். இரண்டு இறக்கை உடைந்திருந்தது. கீழே ஆள் யாரும் இல்லாதது அதிர்ஷ்டம். அதனால்தான் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் கூட்டத்துக்கு மேலே ஹெலிகேம் சுற்றுவதைப் பார்த்தால் எனக்குத் தேரைப் பார்க்க மனம் போவதில்லை, தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். யாருக்காவது அடிபட்டால் 48 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும் என்று விதி சொல்கிறது. அடிபட்ட தலைக்கு அந்த 48 மணி நேரத்தால் ஒரு பயனும் இல்லை.

நண்பருக்கு ஒரு வேலை கொடுத்துத் தொலைபேசியை வைத்தேன். கடைக்குப் போவதற்கு முன்னால், வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடி ஒன்றை எடுத்துப் பத்தடிக் கழியின் நுனியில் கட்டி, பையன் கையில் கொடுத்து, சைக்கிளில் ஏற்றி ஏரிக்கரைமேல் அனுப்புங்கள். நீங்கள் இந்த முனையில் நில்லுங்கள். மூடி கண்ணிலிருந்து மறைகிற இடத்தில் பையனை நிறுத்தி, அங்கேயிருந்து திரும்பி எண்ணிக்கொண்டே நடந்து வரச்சொல்லுங்கள். அதுதான் நீங்கள் வாங்கவேண்டிய தூரம்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார்.

"அறுநூத்தி நாப்பது தப்படி சார். வேப்பமரம் வரைக்கும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் வெறும் வெயில்தான்."

"கொல்லை?"

"வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமே ரெண்டு ஏக்கர் வந்துடுச்சு. மீதிக்கு, மரத்தடியில போய் நின்னு விட்டா ஆச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், பையன் அந்த மூடியைக் கரையிலேயே எங்கேயோ போட்டுட்டு வந்துட்டான். வீட்டுல திட்டு. அதுக்கு ஏதாவது காப்பீடு இருக்கா?"